மில்க்வீட் விதையும் பட்டாம்பூச்சியும்: திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

மில்க்வீட் விதை வாங்கிட்டுப் போறவங்க கொஞ்ச நாள்ல திரும்ப வந்துடுவாங்க. முதல் ரவுண்டு "முளைக்கவே இல்ல", அடுத்த ரவுண்டு "முளைச்சத எல்லாம் புழு தின்னுடுச்சு", அதுக்கும் அடுத்தது "புழுவயே காணோம்". ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை வலிச்சதுதான் மிச்சம், அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுட்டேன். கேள்விய கேட்டவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன். மேல இருந்து வரிசையா படிச்சா நல்லது, முன்னாடி சொன்னத பின்னாடி திரும்ப எழுதல.

மில்க்வீட்னா என்ன? எருக்கஞ்செடிதானே அது?

சொந்தக்காரங்க, ஆனா ஒண்ணு இல்ல. மில்க்வீட்னு சொல்றது அஸ்கிளிபியாஸ்ங்கற பேரினம், நூத்துக்கும் மேல வகை இருக்கு, பெரும்பாலும் அமெரிக்கக் கண்டங்கள்ல தோணுனது. எருக்கு கலோட்ராபிஸ் பேரினம். வேலிப்பருத்தி, நன்னாரி, அரளி எல்லாமே இப்போதைய வகைப்பாட்டுல அதே பெரிய குடும்பத்துக்குள்ளதான் வருது. இலைய கிள்ளுனா வெள்ளையா பால் வடியும், காய் வெடிச்சா விதை பஞ்சோட பறக்கும், எருக்குக்கும் மில்க்வீட்டுக்கும் இந்த ரெண்டும் பொது.

தோட்டத்துல அதிகம் பாக்குற வகைகள் நாலு. சிவப்பும் மஞ்சளும் கலந்து பூக்குறது குராசாவிகா, வெப்பமண்டல மில்க்வீட்னு இதத்தான் சொல்றாங்க, சூடான ஊர்ல எல்லாம் கிடைக்கும். உருண்டையா ரோஸ் கலர் கொத்து வர்றது சிரியாக்கா, ஈரமான இடத்துல நல்லா வர்றது இன்கார்னாட்டா, ஆரஞ்சுப் பூ டியூபரோசா. இதுல டியூபரோசா மட்டும் விதிவிலக்கு, கிள்ளுனா பால் வராது, அதனால "ஏமாத்தி வேற செடி குடுத்துட்டாங்க"ன்னு நினைச்சுடாதீங்க.

இத வெச்சா எந்தப் பட்டாம்பூச்சி வரும்? மொனார்க் வருமா?

நீங்க எங்க இருக்கீங்கங்கறதப் பொறுத்தது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கம்னா மொனார்க். ஆசியா, ஆப்பிரிக்கா பக்கம்னா வெந்தய வரியன், ப்ளெயின் டைகர்னு சொல்றது. ரெண்டுமே டானாஸ்ங்கற ஒரே பேரினம், ஆரஞ்சு றெக்கை, கருப்பு ஓரம், அதுல வெள்ளைப் புள்ளி. புழுவ வெச்சு பிரிச்சுடலாம். மொனார்க் புழுவுக்கு கருப்புக் கொம்பு மாதிரி நீட்டல் தலைப்பக்கம் ஒரு ஜோடி, வால்பக்கம் ஒரு ஜோடி. வெந்தய வரியன் புழுவுக்கு நடு முதுகுல மூணாவதா இன்னொரு ஜோடி இருக்கும்.

நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் மாதிரி ஆளுங்களும் பூவுல தேன் குடிக்க வரலாம். ஆனா அவங்களுக்கு முட்டை போட பெரும்பாலும் வேற கொடி, வேற செடி வேணும்.

பூச்செடிதான் நிறைய இருக்கே, பட்டாம்பூச்சியும் வருது, அப்புறம் மில்க்வீட் எதுக்கு தனியா?

ஜின்னியா, காஸ்மாஸ், இட்லிப்பூ எல்லாம் பட்டாம்பூச்சிக்கு தேன் குடுக்கும். புழுவுக்கு அதனால ஒரு பிரயோஜனமும் இல்ல. மொனார்க் புழுவோ வெந்தய வரியன் புழுவோ திங்கறது இந்தப் பால் வடியற கூட்டத்தோட இலைய மட்டும்தான். செடி இல்லன்னா தாய்ப்பூச்சி குடிச்சுட்டுக் கிளம்பிடும், உங்க தோட்டத்துல அடுத்த தலைமுறை கிடையாது.

முட்டை போட வர்றத ஒரு தடவை பக்கத்துல நின்னு பாருங்க. பூவ கண்டுக்கவே கண்டுக்காது. இலை ஓரத்துல உக்காந்து காலால இலைய படபடன்னு தட்டும், கால்ல இருக்குற உணர்வுறுப்பாலதான் இது சரியான செடியான்னு ருசி பாக்குது. சரின்னா வயித்த வளைச்சு இலைக்கு அடியில ஒரே ஒரு முட்டை, அடுத்த இலைக்குப் போயிடும். இளசான கொழுந்து இலைன்னா அதுக்கு ரொம்பப் பிடிக்கும்.

இலைக்கு அடியில வெள்ளையா ஒரு புள்ளி இருக்கு, முட்டையா பால் துளியா?

போன்ல மேக்ரோ மோடு போட்டு பாருங்க. முட்டை ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும், மேல கூம்பா, மேலருந்து கீழ வரைக்கும் வரிவரியா மேடு ஓடும். காஞ்ச பால் துளியில அந்த வரி இருக்காது, பளபளன்னு வழவழன்னு இருக்கும். முட்டையோட மேல்பக்கம் கருப்பா தெரிய ஆரம்பிச்சா அது புழுவோட தலை, சீக்கிரம் வெளிய வந்துடும். வந்ததும் முதல்ல திங்கறது தன்னோட முட்டை ஓட்டத்தான்.

விதை போட்டு ரெண்டு வாரம் ஆச்சு, ஒண்ணுமே வரலையே, விதை கெட்டுப்போச்சா?

முதல்ல எந்த வகைன்னு பாருங்க. குராசாவிகாவோ எருக்கோன்னா நேரா மண்ணுல போடலாம், சூடு இருந்தா ஒண்ணு ரெண்டு வாரத்துல எட்டிப் பாக்கும், சில விதை இன்னும் கொஞ்ச நாள் எடுத்துக்கும். ஆனா சிரியாக்கா, இன்கார்னாட்டா, டியூபரோசா எல்லாம் பனி கொட்டுற ஊர்ச் செடி. விதை இலையுதிர் காலத்துல விழுந்த உடனே முளைச்சா குளிர்ல செத்துடும், அதனால ஒரு குளிர்காலத்த ஈரத்தோட கடந்தாத்தான் முளைக்கணும்னு அதுக்குள்ள ஒரு பூட்டு இருக்கு. அந்தக் குளிர காட்டாம சட்டியில போட்டுட்டு தினம் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தா ஒண்ணு ரெண்டு முளைச்சாலே அதிர்ஷ்டம்.

விதை நிஜமாவே கெட்டிருக்கான்னு தெரிஞ்சுக்க விரல்ல வெச்சு அழுத்திப் பாருங்க. நல்ல விதை பழுப்பு நிறத்துல, தட்டையா இருந்தாலும் நடுவுல லேசா புடைச்சு கெட்டியா இருக்கும். காகிதம் மாதிரி மடங்குச்சுன்னா உள்ள ஒண்ணும் இல்ல.

அந்தக் குளிர எப்படி காட்டறது? ஃப்ரீசர்ல போட்டா சீக்கிரம் ஆகுமா?

ஃப்ரீசர் வேணாம், ஃபிரிட்ஜோட கீழ் தட்டு போதும், 4 டிகிரி அளவுல இருந்தா சரி. ஈரத்த பிழிஞ்செடுத்த டிஷ்யூ பேப்பர், இல்லன்னா லேசா நனைச்ச மணல், அதுக்குள்ள விதைய வெச்சு ஜிப் கவர்ல போட்டு 30 நாள்ல இருந்து 60 நாள் வரைக்கும் விடுங்க. கவர் மேல வகை பேரும் தேதியும் எழுதிடுங்க, இல்லன்னா வீட்ல யாராவது தூக்கிப் போட்டுடுவாங்க. ஈரம் இருக்கணும், தண்ணி தேங்கக்கூடாது, தேங்குனா பூஞ்சை பிடிக்கும். வெறும் காஞ்ச விதைய ஃபிரிட்ஜ்ல வெச்சா பத்திரமா இருக்கும், ஆனா பூட்டு திறக்காது, குளிரும் ஈரமும் ஒண்ணா வேணும்.

குளிர்காலம் உள்ள ஊர்னா இந்த வேலையே வேணாம். பனிக்கு முன்னாடி விதைய நேரா மண்ணுல தூவிடுங்க, மிச்சத்த குளிரே பாத்துக்கும்.

எவ்ளோ ஆழம் போடணும்? பஞ்ச எடுக்கணுமா அப்படியே போடலாமா?

அரை சென்டிமீட்டர் போதும், சும்மா மேல மண்ணு தூவுன மாதிரி. ஆழமா போட்டா வராது. பஞ்சோட போட்டாலும் முளைக்கும், ஆனா காத்து அடிச்சா பறந்துடும், ஈரத்துல பூஞ்சையும் பிடிக்கும், எடுத்துடறது நல்லது. வெயில் நல்லா விழுற இடத்துல வைங்க.

மாடியில தொட்டியிலதான் இடம், வளருமா?

குராசாவிகா தொட்டியில ஜம்முனு வரும். இன்கார்னாட்டாவும் வரும், தண்ணி மட்டும் நிறைய கேக்கும். டியூபரோசாவுக்கு வேர் நேரா கீழ போகும், ஆழமான தொட்டி வேணும், ஒரு தடவை வெச்சா அப்புறம் பிடுங்கி மாத்தாதீங்க. சிரியாக்கா பூமிக்கு அடியில தண்டு ஓட்டி ரெண்டடி தள்ளி முளைக்கிற ஜாதி, அத தொட்டியில அடைச்சா அதுக்கும் சுகமில்ல உங்களுக்கும் சுகமில்ல. எருக்கு ஆள் உயரத்துக்கு மேல போற புதர், மாடிக்கு சரிப்படாது, தரையில ஓரமா இடம் இருந்தா வைங்க. அத நீங்க கவனிக்கவே தேவையில்ல, வறட்சியிலயும் நிக்கும்.

ஒரே ஒரு தொட்டி வெச்சுட்டு பட்டாம்பூச்சித் தோட்டம்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன், ஒரு செடி பத்தாது. ஏன்னு அடுத்த கேள்வியில வருது.

அய்யோ செடி மொட்டையா போச்சுங்க! நாலு நாள்ல குச்சி மட்டும்தான் நிக்குது, புழு எல்லாத்தையும் தின்னுடுச்சு

அதுக்குத்தானே வெச்சீங்க? இந்தக் கேள்விதான் அதிகமா வருது, அதுவும் கோவமா வருது. பட்டாம்பூச்சி வேணும் ஆனா இலை அழகா இருக்கணும்னா ரெண்டும் சேர்ந்து நடக்காது. முட்டையில இருந்து வந்த புழு ரெண்டு வாரத்துக்குள்ள எடையில கிட்டத்தட்ட ரெண்டாயிரம் மடங்கு பெருத்துடுது, அவ்ளோ சதையும் உங்க இலையில இருந்துதான் வருது. அதுலயும் கடைசித் தோல் உரிச்சதுக்கு அப்புறம் திங்கற வேகம் இருக்கே, காலையில இருந்த இலை சாயங்காலம் இருக்காது.

குச்சிய பிடுங்கிப் போட்டுடாதீங்க. வேர் உசுரோட இருந்தா கணுவுல இருந்து திரும்ப துளிர்க்கும், நல்ல செடின்னா ரெண்டு மூணு வாரத்துல பச்சை கட்டிடும். ஆனா நாத்தா இருக்கும்போதே மொட்டையடிச்சா தாங்காது, அதனால ஒரு அடி உயரம் வர்ற வரைக்கும் வலை போட்டு மூடி வைங்க. செடிகள ரெண்டு பங்கா பிரிச்சு, ஒரு பங்கு திறந்து இருக்கும்போது இன்னொரு பங்க வலைக்குள்ள தேத்தி வெச்சுக்கிட்டா எப்பவும் இலை இருக்கும்.

புழு இருக்கு, இலை முடிஞ்சுபோச்சு. கீரை, முட்டைகோஸ் இலை ஏதாவது போடலாமா?

சாப்பிடாது, பட்டினி கிடந்து செத்துடும். கடைசி கட்டப் பெரிய புழுவுக்கு பூசணித் துண்டு, வெள்ளரித் துண்டு வெச்சு சில பேர் ஒப்பேத்துவாங்க, கடிக்கும், ஆனா அதுல வளர்ந்தது நல்லா தேறாது, சின்னப் புழுவுக்கு அதுவும் ஆகாது. மில்க்வீட் தண்டோட பச்சைத் தோலு, மொட்டு, பிஞ்சுக் காய் எல்லாத்தையும் அது தின்னும், முதல்ல அத விடுங்க. வெந்தய வரியன்னா வேலியோரத்து எருக்கு இலைய ஒடிச்சுட்டு வந்து குடுத்தாலும் ஏத்துக்கும்.

இலை எல்லாம் நடு நரம்புல ஒடிஞ்சு தொங்குது, நோயா?

இல்ல, அது புழுவோட கைவேலை. இலைக்குள்ள பால் அழுத்தத்தோட ஓடுது, கடிச்சா குபுக்குன்னு வாயில வரும், பிசுபிசுன்னு ஒட்டிக்கும், சின்னப் புழு அதுலயே மாட்டி செத்தும் போகும். அதனால பெரிய புழு இலைக்காம்புக்குப் பக்கத்துல நடு நரம்ப முதல்ல கடிச்சு வெட்டி விட்டுடும், பால் அங்கயே வடிஞ்சு நின்னுடும், இலை தொங்கும், அப்புறம் நுனியில இருந்து நிதானமா திங்கும். குட்டிப் புழு நரம்ப வெட்ட முடியாம இலையில வட்டமா ஒரு பள்ளம் தோண்டிட்டு அந்த வட்டத்துக்குள்ள மட்டும் திங்கும். ஒடிஞ்சு தொங்குற இலைய பாத்தா உடனே அடியில தேடுங்க, ஆள் அங்கதான் இருப்பாரு.

தண்டு முழுக்க மஞ்சளா பேன் மாதிரி மொய்ச்சிருக்கு, என்ன மருந்து அடிக்கலாம்?

எந்த மருந்தும் அடிக்காதீங்க. அது அசுவினி, மஞ்சள் உடம்பு கருப்புக் கால், அரளியிலயும் இதே ஆள்தான். எல்லாமே பொண்ணு, ஆணே தேவையில்லாம நேரா குட்டி போடும், அதனாலதான் நேத்து பத்து இருந்தது இன்னைக்கு நூறு ஆகுது. செடிக்கு அசிங்கமா இருக்குமே தவிர வளர்ந்த செடிய கொல்றது அபூர்வம்.

முட்டையும் புழுவும் இல்லாத தண்டா பாத்து, விரலால தாங்கிப் பிடிச்சுக்கிட்டு பைப்ல தண்ணிய வேகமா அடிச்சு விடுங்க. இல்லன்னா கிளவுஸ் போட்டு நசுக்கி விடுங்க. ரெண்டு மூணு நாளுக்கு ஒரு தடவை செஞ்சா அடங்கும். உரம், முக்கியமா நைட்ரஜன் அள்ளிக் கொட்டுனா தண்டு இளசா வரும், அசுவினிக்கு கொண்டாட்டம், அதனால உரத்த குறைங்க.

வேப்பெண்ணெய் இயற்கைதானே, அதுவும் கூடாதா?

புழுவுக்கு இயற்கை செயற்கை எல்லாம் தெரியாது. வேப்பெண்ணெயில இருக்குற அசாடிராக்டின் புழு தோல் உரிக்கிறதயே தடுக்குற சரக்கு. சோப்புத் தண்ணி மேல பட்டா அசுவினிய மூச்சடைக்க வைக்கிற மாதிரி குட்டிப் புழுவயும் முட்டையயும் பாதிக்கும். பி.டி.ன்னு (Bt) சொல்ற பாக்டீரியா மருந்து குறிப்பாவே புழு இனத்தக் கொல்றதுக்கு வந்தது. பக்கத்துச் செடிக்கு அடிச்சது காத்துல வந்து விழுந்தாலும் இதே கதைதான்.

நர்சரியில நல்லா கொழுகொழுன்னு செடி வாங்கிட்டு வந்தேன், அதுல விட்ட புழு எல்லாம் சுருண்டு பச்சையா கக்கி செத்துப்போச்சு, ஏன்?

பெரும்பாலும் செடிக்குள்ளயே மருந்து ஏறியிருக்கும். நியோனிகோட்டினாய்டு மாதிரி சில மருந்த வேர்ல ஊத்துனா செடி உறிஞ்சி இலை, பூ, தேன் எல்லாத்துலயும் கொண்டு போயிடும், கழுவுனா போகாது, வாரக்கணக்குல ஏன் மாசக்கணக்குலகூட உள்ள இருக்கும். ஓட்டை ஒடிசல் இல்லாம சுத்தமா இருக்குற மில்க்வீட்ட பாத்தா எனக்கு சந்தேகம்தான் வரும். அசுவினி நாலு ஒட்டியிருந்தா நம்பி வாங்குவேன்.

வாங்கும்போதே மருந்து போட்டீங்களான்னு கேளுங்க. பதில் சரியில்லன்னா அந்த சீசன் முழுக்க வலை போட்டு மூடுங்க, பழைய இலைய எல்லாம் வெட்டிட்டு புது மண்ணுக்கு மாத்துங்க. விதையில இருந்து வளர்க்கச் சொல்றதுக்கு பெரிய காரணமே இதுதான்.

இந்தப் பால் விஷமாமே? குழந்தை இருக்கு, நாய் இருக்கு, வெக்கலாமா?

விஷம்தான், அத லேசா எடுத்துக்காதீங்க. பால்ல கார்டினோலைடுன்னு ஒரு வகைப் பொருள் இருக்கு, இதயத்துடிப்ப பாதிக்கக்கூடியது. கசப்பு அதிகங்கறதால நாய் பூனை பொதுவா ஒரு கடியோட விட்டுடும், ஆனா வாயில எதையும் போடற வயசுக் குழந்தை இருந்தா எட்டாத இடத்துல வைங்க. ஆடு மாடுக்கும் ஆகாது.

அதிகமா நடக்குற விபத்து கண்ணுலதான். செடிய கிள்ளிட்டு மறந்து கண்ணக் கசக்கிடுவாங்க, கொஞ்ச நேரம் கழிச்சு பார்வை புகை மூட்டமா மங்கும், வலி எடுக்கும். சுத்தமான தண்ணியில நிறைய நேரம் கழுவிட்டு கண் டாக்டர்கிட்ட போயிடுங்க, மில்க்வீட் பால்னு இல்லன்னா எருக்கம்பால்னு தெளிவா சொல்லுங்க. வெட்டும்போது கிளவுஸ் போடுங்க, வேலை முடிஞ்சதும் சோப்பு போட்டு கை கழுவுங்க. புழுவோ பட்டாம்பூச்சியோ கையில ஏறுறதால ஒண்ணும் ஆகாது.

விஷம் தின்னு வளர்ற புழுவ பறவை தொடாதுன்னு சொல்றாங்க, அப்ப என் புழுல பாதி எங்க போச்சு?

பறவை விஷயம் உண்மை. லிங்கன் பிரவர்ங்கறவர் 1960கள்ல செஞ்ச சோதனையில மில்க்வீட் தின்னு வளர்ந்த மொனார்க்க முழுங்குன நீல ஜே பறவை கொஞ்ச நேரத்துல வாந்தி எடுத்துச்சு, அதுக்கப்புறம் அந்த ஆரஞ்சு கலரையே கிட்ட சேர்க்கல. இத வெச்சே வேற சில பட்டாம்பூச்சியும் வேஷம் போடுது, டானைட் எக்ஃப்ளைன்னு ஒண்ணு இருக்கு, அதுல பொட்டைப்பூச்சி மட்டும் அச்சு அசல் வெந்தய வரியன் மாதிரியே இருக்கும்.

ஆனா குளவிக்கும் சிலந்திக்கும் எறும்புக்கும் கும்பிடுபூச்சிக்கும் இந்தப் பயம் அவ்வளவா இல்ல. பொறிவண்டோட குஞ்சு அசுவினியோட சேத்து முட்டையயும் தின்னும். டாக்கினிட்னு ஒரு ஈ புழு மேலயே முட்டை போடும், உள்ள போன குஞ்சு புழுவ அரிச்சுட்டு கடைசியில வெள்ளை நூல் மாதிரி தொங்கவிட்டு இறங்கும், அந்த நூல பாத்தா கதை முடிஞ்சதுன்னு அர்த்தம். காட்டுல நூறு முட்டைக்கு பத்து பட்டாம்பூச்சி கூட தேறாது. தாய்ப்பூச்சி நூத்துக்கணக்குல முட்டை போடறதே அந்தக் கணக்குலதான்.

அப்போ எல்லா முட்டையயும் எடுத்து வீட்டுக்குள்ள டப்பாவுல வெச்சு காப்பாத்தலாமே?

குழந்தைங்களுக்குக் காட்ட ஒண்ணு ரெண்டு வளர்க்குறதுல தப்பில்ல, தினம் டப்பாவ கழுவணும், எச்சத்த எடுக்கணும், புது இலை போடணும், கூட்டம் சேர்க்கக்கூடாது. நூத்துக்கணக்குல வளர்த்து விடறது உதவின்னு நான் நினைக்கல. நெருக்கமா வளர்த்தா நோய் பரவும், பலவீனமானதும் தப்பிச்சு வெளிய போய் அந்த நோய அங்கயும் கொண்டு சேர்க்கும்.

இன்னொண்ணும் இருக்கு. வட அமெரிக்க மொனார்க் இலையுதிர் காலத்துல தெற்க பாத்து மெக்சிகோ மலைக்காடு வரைக்கும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்குது. 2019ல வந்த ஒரு ஆய்வுல, வீட்டுக்குள்ள வளர்த்த மொனார்க்க வெளிய சோதிச்சப்போ தெற்கு நோக்கித் திரும்புற உணர்வு சரியா வரலன்னு பாத்தாங்க. டப்பா வாங்குற காசுக்கு நாலு செடி கூட வைங்க.

பெரிய புழு நேத்து வரைக்கும் இருந்துச்சு, இன்னைக்கு காணோம், யாரு தின்னா?

யாரும் தின்னிருக்க வேண்டியதில்ல. வளர்ச்சி முடிஞ்ச புழு செடிய விட்டு இறங்கி நடக்கும், பல மீட்டர் தள்ளி சுவர் ஓரம், ஜன்னல் கம்பி, வேற செடியோட இலைன்னு இடம் பாக்கும். அங்க பட்டு நூல்ல ஒரு முடிச்சு போட்டு தலைகீழா கொக்கி மாதிரி வளைஞ்சு தொங்கும். கொம்பு ரெண்டும் துவண்டு சுருண்டுச்சுன்னா இன்னும் கொஞ்ச நேரத்துல தோல் உரியப்போகுது, அப்ப மட்டும் பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்துடுங்க. முதுகுப் பக்கம் தோல் பிளந்து, உள்ள இருந்து ஈரமா பச்சையா ஒண்ணு நெளிஞ்சு நெளிஞ்சு, பழைய தோல மேல தள்ளி கழட்டிப் போட்டுடும். ரெண்டு மூணு நிமிஷ வேலை, போன் எடுக்கப் போனீங்கன்னா முடிஞ்சுடும்.

மொத்தக் கணக்கு இதுதான்: முட்டை 3-5 நாள், புழு 10-14 நாள், கூடு 8-15 நாள். வெயில் ஏற ஏற சீக்கிரம் நடக்கும்.

கூடு கருப்பாயிடுச்சு, செத்துப்போச்சா? பிச்சுப் பாக்கலாமா?

பிச்சுடாதீங்க! வெளிய வர்றதுக்கு முந்தின நாள் கூட்டோட ஓடு கண்ணாடி மாதிரி ஆகி உள்ள மடிச்சு வெச்ச றெக்கையோட ஆரஞ்சும் கருப்பும் தெரியும். தூரத்துல பாத்தா கருப்புதான். டார்ச் அடிச்சுப் பாத்தா றெக்கை வரி தெரிஞ்சா நாளைக்குக் காலையில ஆள் வெளிய. வரி எதுவும் தெரியாம திட்டுத்திட்டா கருத்து, கொழகொழன்னு ஆகி நாத்தம் அடிச்சா அது நோய், எடுத்து கவர்ல கட்டி குப்பையில போடுங்க, தோட்டத்துல போடாதீங்க.

வெளிய வந்ததும் றெக்கை நனைஞ்ச துணி மாதிரி சுருங்கித்தான் இருக்கும், தொங்கிக்கிட்டே உடம்புல இருந்து திரவத்த றெக்கைக்குள்ள தள்ளி விரிக்கும். கீழ சிவப்பா ஏதோ சொட்டும், ரத்தம் இல்ல, கூட்டுக்குள்ள சேந்த கழிவு. காயறதுக்கு சில மணி நேரம் ஆகும், தொடாதீங்க.

நாள் முழுக்க ஆச்சு, றெக்கை விரியவே இல்ல, இதுக்கு என்ன காரணம்?

தொங்க இடம் கிடைக்காம கீழ விழுந்திருக்கலாம், அப்படி விழுந்தத உடனே ஒரு குச்சியில ஏத்தி விட்டா சில சமயம் தேறிடும். மொனார்க்ல அடிக்கடி வந்தா ஓ.ஈ.ன்னு சுருக்கமா சொல்ற ஒரு நுண்ணிய ஒட்டுண்ணிய சந்தேகப்படணும். நோய் உள்ள பூச்சியோட செதில்ல இருந்து அதோட வித்து இலையில கொட்டும், அந்த இலையத் தின்ன புழுவுக்குள்ள போயிடும், கூட்டுக்குள்ள பெருகும்.

குராசாவிகா மேல வர்ற புகார் இங்கதான். குளிர் குறைவான ஊர்ல மத்த மில்க்வீட் எல்லாம் காஞ்சு போய் இலை கொட்டி மண்ணுக்குள்ள தூங்கும்போது இது மட்டும் வருஷம் பூரா பச்சையா நிக்கும், வித்து இலையில சேந்துக்கிட்டே போகும், வலசை போக வேண்டிய மொனார்க்கும் அங்கயே தங்கி முட்டை போட ஆரம்பிச்சுடும். அதனால மொனார்க் வலசை போற ஊர்கள்ல இலையுதிர் காலத்துல இத அரையடிக்கு வெட்டி விடச் சொல்றாங்க, குளிர்காலம் முழுக்க அப்படியே வெட்டி வைக்கணும். அங்க இருக்குறவங்க அந்தந்த ஊரோட சொந்த வகையவே வெக்கறது இன்னும் நல்லது.

பூ கொத்து கொத்தா பூக்குது, ஆனா காய் ஒண்ணு கூட பிடிக்கல

இதோட மகரந்தம் தூளா இருக்காது, ரெண்டு சின்னப் பை ஒரு கிளிப்புல கோத்த மாதிரி இருக்கும். தேன் குடிக்க வர்ற பூச்சியோட கால் பூவுல இருக்குற பிளவுல வழுக்கி விழணும், கிளிப்பு கால்ல மாட்டணும், அடுத்த பூவுல திரும்ப அதே மாதிரி வழுக்கி பை உள்ள போகணும். கால் மாட்டி எடுக்க முடியாம செத்துத் தொங்குற தேனீய கூட பாக்கலாம். இவ்ளோ கஷ்டமான ஏற்பாடுல பெரும்பாலான பூ காய் பிடிக்காம விழறது சகஜம்.

சிரியாக்காவுக்கு கூடுதலா ஒரு சிக்கல், தன் மகரந்தத்த தானே ஏத்துக்காது. ஒரே வேர்ல இருந்து கிளம்புன பத்து தண்டும் கணக்குல ஒரே செடிதான், வேற விதையில வந்த செடி பக்கத்துல வேணும். குராசாவிகாவுக்கு இந்தப் பிரச்சனை இல்ல, ஒத்தைச் செடியே காய்க்கும்.

காய்ல சிவப்பு கருப்பு பூச்சி கும்பலா உக்காந்திருக்கு, விதை எப்ப எடுக்கறது? எல்லாம் வெடிச்சு பறந்துடுது

அந்தப் பூச்சி விதைச் சாறு உறிஞ்ச வந்தது. புழுவ பொதுவா ஒண்ணும் பண்ணாது, ஆனா விதை வேணும்னா சோப்புத் தண்ணி டப்பாவுக்குள்ள தட்டி விடுங்க, செடி மேல தெளிக்க வேணாம். காய் முத்த ஆரம்பிச்சதும் சின்ன வலைத்துணிப் பை போட்டு கட்டிட்டா பூச்சியும் வராது, வெடிச்சாலும் விதை பறக்காது.

எப்ப பறிக்கணும்னா, காயோட தையல் கோட்ட கட்டை விரலால லேசா அழுத்துங்க, தானா பிளந்தா ரெடி. உள்ள விதை பழுப்பா இருக்கணும், வெள்ளையா பச்சையா இருந்தா இன்னும் ஆகல, பறிச்சு வெச்சா பழுக்காது. அப்பத்தான் பிளந்த காய்ல விதை மீன் செதில் மாதிரி அடுக்கடுக்கா நடுத்தண்ட சுத்தி இருக்கும், பஞ்சு ஈரமா படிஞ்சு கிடக்கும். பஞ்சோட நுனிய ஒரு கையால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு விதைய மட்டும் உருவுங்க, சுத்தமா வந்துடும். பஞ்சு காஞ்சு விரிஞ்சுட்டா வீடு முழுக்க பறக்கும், அப்ப ஒரு கவர்ல நாலு நாணயத்தோட போட்டு குலுக்குனா விதை கீழ நிக்கும். ஒரு வாரம் நிழல்ல காய வெச்சு காகிதக் கவர்ல போட்டு ஃபிரிட்ஜ்ல வெச்சா சில வருஷம் தாங்கும்.

அந்தப் பஞ்ச தூக்கிப் போடறதுக்கு முன்னாடி ஒரு தகவல். ரெண்டாம் உலகப் போர்ல ஜாவாவ ஜப்பான் பிடிச்சதும் அமெரிக்காவுக்கு இலவம்பஞ்சு வரத்து நின்னுபோச்சு, மிதவைச் சட்டைக்குள்ள அடைக்க அதுதான் போய்க்கிட்டு இருந்துச்சு. மில்க்வீட் பஞ்சு உள்ள காலியா, மேல மெழுகு பூசுன மாதிரி இருக்கறதால தண்ணிய குடிக்காம மிதக்கும். 1944ல பள்ளிக்கூடப் பசங்க மூட்டை மூட்டையா காய் பொறுக்கிக் குடுத்தாங்க, ரெண்டு மூட்டைக் காய் ஒரு உயிரக் காப்பாத்தும்னு விளம்பரமே இருந்துச்சு.

ஆண் பட்டாம்பூச்சி காஞ்சுபோன கிலுகிலுப்பைச் செடியில போய் மொய்க்குதே, அதுல என்ன இருக்கு?

நல்லா கவனிச்சிருக்கீங்க. கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு மாதிரிச் செடிகள் காயும்போது வெளிய வர்ற ஒரு வகை ஆல்கலாய்டத்தான் அது உறிஞ்சுது. வெந்தய வரியன், நீல வரியன் ஆணுங்களுக்கு பொட்டைய மயக்குற வாசனை தயாரிக்க அதுதான் மூலப்பொருள், எதிரிக்கிட்ட இருந்து பாதுகாப்பும் கிடைக்குது. வெந்தய வரியன்ல பின் றெக்கையில கருப்பா கூடுதலா ஒரு புள்ளி இருந்தா ஆண். கிலுகிலுப்பை காஞ்சதும் பிடுங்காம ஒரு மூலையில விட்டு வைங்க.

விதை நிறைய சேந்துடுச்சு, ரோட்டோரம், காலி இடத்துல எல்லாம் தூவிடலாமா?

வேணாம். குராசாவிகா தன் சொந்த ஊர்ல இருந்து கிளம்பி வெப்பமண்டலம் பூரா ஏற்கனவே பரவி நிக்குது, பஞ்சு விதைக்கு வேலி கிடையாது. சிரியாக்காவ ஐரோப்பிய ஒன்றியம் 2017ல ஆக்கிரமிப்புச் செடிப் பட்டியல்ல சேத்துடுச்சு, அங்க அத வளர்க்கவும் கூடாது, விக்கவும் கூடாது. ஆடு மாடு மேயற இடம்னா மேல சொன்ன விஷப் பிரச்சனையும் இருக்கு. வேற நாட்டுக்கு தபால்ல விதை அனுப்பறதுக்கும் பெரும்பாலான நாட்டுல கட்டுப்பாடு இருக்கு, கேக்காம அனுப்பாதீங்க.

உங்க பகுதியில தானா வளர்ற இதே கூட்டத்துச் செடி எதுன்னு முதல்ல பாருங்க, எருக்கோ வேலிப்பருத்தியோ இருந்தா வெந்தய வரியனுக்கு அதுவே தாராளம். குராசாவிகா வெச்சே ஆகணும்னா தோட்டத்துக்குள்ளயே வைங்க, உங்களுக்குத் தேவையான ரெண்டு மூணு காய்க்கு மட்டும் பை கட்டிட்டு மிச்சத்த பச்சையா இருக்கும்போதே கிள்ளிடுங்க. கிளவுஸ் போட்டுக்கிட்டு.